பாகத்தை மாற்றும் முன்: ஆஸ்திரேலியாவின் பழைய கார்களும் பழுதறிதலும்

சிட்னியின் மேற்கே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஜனவரி மதியங்களில், எம்4 நெடுஞ்சாலை ஓரமாக பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் கார்களில் ஒரு ரகம் உண்டு. ரேடியேட்டர் கொதிக்கவில்லை. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. அரை மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். பழைய ஹோல்டன் கமடோர் வைத்திருந்தவர்களில் பலர் இதை அனுபவித்திருப்பார்கள். என்ன கோளாறு என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும்: பெட்ரோல் பம்ப், காயில், கம்ப்யூட்டர், பேட்டரி. நான்கையும் மாற்றிப் பார்த்து, கார் வாங்கிய விலையளவு பணத்தைக் கரைத்துவிட்டு, அடுத்த கோடையில் அதே சாலையோரத்தில் நின்றவர்களும் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஓடும் வண்டிகளின் சராசரி வயது, அந்நாட்டுப் புள்ளிவிவரப் பணியகத்தின் 2021 கணக்குப்படி 10.6 ஆண்டுகள். சராசரியே அவ்வளவு என்றால் இருபது வயதைக் கடந்தவை எத்தனை இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஃபோர்டு தன் பிராட்மெடோஸ் ஆலையை 2016 அக்டோபர் 7 அன்று மூடியது. டொயோட்டா ஆல்டோனாவில் 2017 அக்டோபர் 3 அன்றும், ஹோல்டன் தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத்தில் அதே மாதம் 20 அன்றும் உற்பத்தியை நிறுத்தின. செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள்; செய்த கார்கள் டாண்டினாங்கிலும் பிளாக்டவுனிலும் இன்னும் ஓடுகின்றன. படிக்க வந்த மாணவரும், வேலை தேடி வந்த குடும்பமும் மூவாயிரம், நாலாயிரம் டாலருக்கு வாங்கும் முதல் கார் பெரும்பாலும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறது.

பழுதைக் கண்டுபிடிக்கும் நோக்கில் இந்தக் கார்களை மூன்று தலைமுறையாகப் பிரித்துப் பார்க்கலாம். 1986-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் முதல் தலைமுறை. அதிலிருந்து ஏறத்தாழ 2005 வரை, கம்ப்யூட்டர் ஏறிவிட்ட, ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழி பேசிய வண்டிகள் இரண்டாவது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் ஓபிடி-2 என்ற ஒரே வகை ஸ்கேனருக்குப் பதில் சொல்பவை மூன்றாவது. பழையது ஆக ஆகப் பழுது பார்ப்பது கடினம் என்பது பொதுவான எண்ணம். என் கணிப்பு வேறு: மூன்றில் ஆளைப் படுத்துவது நடுத் தலைமுறைதான். காதால் கேட்டே கண்டுபிடித்துவிட முடியாத அளவுக்கு அதில் மின்னணு இருக்கிறது. கேட்டால் தன் நோயைச் சொல்லும் அளவுக்கு அந்த மின்னணு வளர்ந்திருக்கவில்லை.

காதும் மூக்கும் போதுமாயிருந்த காலம்

1948 நவம்பர் 29 அன்று மெல்போர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஆலையில் பிரதமர் பென் சிஃப்லி அறிமுகப்படுத்திய முதல் ஹோல்டனும், அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் வந்த அதன் பெரும்பாலான உறவினர்களும் ஓடுவதற்கு மூன்றே வேண்டும்: காற்றோடு கலந்த பெட்ரோல், நேரம் தவறாத பொறி, சிலிண்டருக்குள் போதுமான அழுத்தம். எது இல்லை என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கரி படிந்திருந்தால் தேவைக்கு மேல் வருகிறது. பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் பொறிக் கோளாறுகளில் முக்கால்வாசி அடங்கிவிடும்.

சிட்னியின் ஸெட்லண்டில் இருந்த பிஎம்சி ஆலை மினியும் மோரிஸ் 1100-ம் செய்தது; பின்னாளில் லேலண்ட் ஆகி 1970-களின் நடுவில் மூடப்பட்டது. மினியின் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கும். மழையில் நனைந்தால் வண்டி நின்றுவிடும். துணியால் துடைத்தால் கிளம்பிவிடும். கோளாறும் தெரியும், காரணமும் தெரியும், மருந்தும் கைக்குட்டையிலேயே இருக்கும். அந்த பிரிட்டிஷ் கார்களின் லூகாஸ் மின்கருவிகளை உலகமே கேலி செய்தது. அதே லூகாஸ் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் ஆலை அமைத்தது என்பதை எண்ணினால், அம்பாசடர் ஓட்டி வளர்ந்தவருக்கும் ஸெட்லண்ட் மோரிஸை வைத்திருப்பவருக்கும் பேச நிறைய இருக்கும். ஒரு எச்சரிக்கை: 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு எர்த் ஆகியிருக்கும். கவனிக்காமல் இன்றைய ரேடியோவை மாட்டினால் அது அந்த நொடியே போய்விடும்.

இந்த எளிமையின் எல்லையை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது ஆஸ்டின் ஏ40-களும் மோரிஸ்களும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். என்ஜின் தட்டும், புகை தள்ளும், பிளக் அடிக்கடி கரியேறும். அதைச் சமாளித்தவர்கள் எரிதலின் பாடத்தைப் புத்தகம் இல்லாமலேயே படித்தவர்கள். அப்படிப்பட்ட பலர் பின்னால் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

முதல் தலைமுறைக்கு இன்று வரும் புதுக் கோளாறுகள் பெரும்பாலும் பெட்ரோலால் வருபவை. 1986 முதல் ஆஸ்திரேலியாவில் புதுக் கார்கள் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறின. 2002 தொடக்கத்தில் ஈயப் பெட்ரோல் விற்பனையே நின்றது. பழைய மென்மையான வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டினால் வால்வு தன் இருக்கைக்குள் மெல்லப் புதையும், டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும், கடைசியில் அழுத்தம் போய்விடும். டாப்பெட் சத்தம் குறைந்ததே என்று மகிழ வேண்டாம், இங்கே அமைதி கெட்ட அறிகுறி. நியூ சவுத் வேல்ஸ் பெட்ரோல் நிலையங்களில் பரவலாக விற்கும் இ10 பெட்ரோலும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஆகாது. அதில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இற்றுப்போக வைக்கும். பானெட்டுக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் மற்ற ஆராய்ச்சிகளை ஒத்திவைத்துவிட்டு முதலில் குழாய்களை மாற்றுங்கள். பழைய கார்கள் தீப்பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வாய் இருந்தும் பேசாத தலைமுறை

1988-ல் வந்த விஎன் கமடோர் அமெரிக்க பியூக் வடிவமைப்பிலான 3.8 லிட்டர் வி6 என்ஜினோடு வந்தது. அதே ஆண்டு ஃபோர்டு இஏ ஃபால்கனை இறக்கியது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குக் கமடோரில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, அதை வைத்துப் பொறியும் பெட்ரோலும் முடிவாகின்றன.

தொடக்கத்தில் சொன்ன சாலையோரக் கமடோரின் கோளாறு பெரும்பாலும் இந்தச் சென்சார்தான். என்ஜினின் முன்புறம், கிராங்க் புல்லிக்குப் பின்னால், சூட்டுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. வயதானதும் சூடேறினால் அதன் சிக்னல் அறுந்துபோகும். ஆறினால் மீண்டும் வரும். பட்டறைக்கு இழுத்துப்போய்ச் சேரும்போது கார் நன்றாக ஓடுகிறது. மெக்கானிக் ஒன்றும் காணாமல் ஊகிக்கிறார், அல்லது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறார். இரண்டிலும் அவரைக் குறை சொல்வதற்கில்லை. இல்லாத கோளாறை எந்தக் கருவியும் அளக்காது.

ஆகவே இந்தத் தலைமுறையில் கார் நின்றுபோயிருக்கும் நேரம்தான் பொன்னான நேரம். அப்போதே நான்கு விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்ததும் பின் இருக்கைப் பக்கமிருந்து இரண்டு நொடி பெட்ரோல் பம்ப் முனகுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சற்றேனும் துடிக்கிறதா? தகுந்த டெஸ்டரை மாட்டினால் பொறி தெரிகிறதா? இன்ஜெக்டர் வயரில் சொருகும் சிறு சோதனை விளக்கு மினுங்குகிறதா? பொறியும் இல்லை, இன்ஜெக்டர் துடிப்பும் இல்லை, முள்ளும் அசையவில்லை என்றால், அவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று செத்திருக்கிறது: கிராங்க் சென்சார், அதற்குப் போகும் மின்சாரம், அல்லது இக்னிஷன் மாட்யூல். பொறி இருந்து பம்ப் மட்டும் ஊமையாக இருந்தால் பம்ப், அதன் ரிலே, அதன் ஃபியூஸ். இப்படி இரண்டாகப் பிரித்துப் பிரித்துச் சுருக்குவதுதான் பழுதறிதல். பட்டறையில் கார் நல்ல பிள்ளையாக நடித்தால், முடி உலர்த்தும் கருவியால் சென்சாரைச் சூடாக்கிக் கோளாறை வரவழைப்பார் கைதேர்ந்தவர். அதே காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட ஃபால்கன்களில், டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டியிருக்கும் இக்னிஷன் மாட்யூல் இதே சூட்டு நாடகத்தை ஆடியது. விசாரணை முறை ஒன்றுதான், குற்றவாளி வேறு. முதல் தலைமுறையில் செய்ததுபோலப் பிளக் வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கம் மட்டும் இங்கே ஆகாது. மாட்யூலும் போகும், ஆளுக்கும் அடி விழும்.

இந்தக் கம்ப்யூட்டர்கள் ஏதோ கொஞ்சம் பேசவும் செய்தன. விஎன் கமடோரின் சோதனைப் பிளக்கில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு கண்சிமிட்டிக் கோடு எண்ணைச் சொல்லும். 1990-களின் டொயோட்டாக்களில் டிஇ1, இ1 என்ற முனைகளை இணைத்தால் அதேபோல. ஆனால் விடி, விஎக்ஸ், விஒய் கமடோர் வாங்கியவர்கள் ஒரு பொறியில் சிக்கினார்கள். அவற்றின் பிளக் இன்றைய ஓபிடி-2 பிளக்கைப் போலவே பதினாறு முனைகளோடு இருக்கும். இருபது டாலர் புளூடூத் கருவியைச் சொருகினால் பொருந்தும், ஆனால் பேசாது. உள்ளே ஓடுவது ஜெனரல் மோட்டார்ஸின் பழைய மொழி. கருவி கெட்டது என்று சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். கார் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்கள்தான் பாவம்.

இன்னொரு சிக்கல் 2001 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்குக் கட்டாயமான இம்மொபிலைசர். திருட்டைக் குறைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் இருபது ஆண்டு கழித்துச் சாவிக்குள் இருக்கும் சிப்போ, அதைப் படிக்கும் வளையமோ தளர்ந்துபோனால் கார் உரிமையாளரையே திருடன் என்று நினைக்கிறது. கிளம்பிய இரண்டாம் நொடி அணைந்துவிடுவதும், டாஷ்போர்டில் பூட்டுச் சின்னம் விடாமல் மினுங்குவதும் இதன் அடையாளங்கள். பம்பைக் கழற்றுவதற்கு முன் மாற்றுச் சாவியைத் தேடி எடுங்கள்.

கோடு ஒரு முகவரி மட்டும்

மூன்றாம் தலைமுறையைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் கருவி எல்லாரிடமும் இருக்கிறது. குறை கருவியைப் படிப்பதில். பி0420 என்று வந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பி0171 என்று வந்தால் ஆக்சிஜன் சென்சார் என்று நேரே கடைக்குப் போய்விடுகிறார்கள். பி0171 சொல்வது கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதை மட்டும். வெடித்த வேக்குவம் குழாய், தளர்ந்த பம்ப், அழுக்கேறிய காற்றளவி, சைலன்சர் குழாயின் முன்பக்கக் கசிவு என எதுவும் அந்த எண்ணைக் கொண்டுவரும். சென்சார் உண்மையைச் சொன்னதற்காக அதைத் தூக்கி எறிவது அநியாயம். 2004-ல் விஇசட் கமடோரில் வந்த அல்லாய்டெக் வி6-இல் கிராங்குக்கும் கேம்ஷாஃப்டுக்கும் பொருத்தமில்லை என்று கோடு வந்தால், சென்சாரை மாற்றுமுன் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த என்ஜினின் பெயர்போன நோய் அது. ஆயில் மாற்றாமல் ஓட்டியவர்களுக்கு விரைவில் வரும்.

கோடு எண்ணை உடனே அழிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கோளாறு வந்த கணத்தில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பதிந்துவைத்த விவரமும் கோடோடு சேர்ந்து அழிந்துவிடும். எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள்.

நூற்றில் ஒரு பங்கு ஓம்

மின்சாரக் கோளாறுகளுக்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று தனித் தொழிலே உண்டு. நியூ சவுத் வேல்ஸின் என்ஆர்எம்ஏ, விக்டோரியாவின் ஆர்ஏசிவி போன்ற சாலையுதவிச் சங்கங்களுக்கு வரும் அழைப்புகளில் பேட்டரிக்கே முதலிடம். குளிர்காலத்தில்தான் பேட்டரி சாகும் என்பது பாதி உண்மை. பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று பதிவானது 48.9 டிகிரி. அப்படிப்பட்ட சூட்டில் உள்தகடுகள் அரிக்கப்பட்டு, நீர் குறைந்து, பேட்டரி கோடையிலேயே உயிரை விட்டுவிடுகிறது. ஜூன் மாதக் காலைதான் சாவுச் செய்தியை அறிவிக்கிறது.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். சில மணி நேரம் ஓய்வெடுத்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய், பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. மீட்டர் இல்லாவிட்டால் ஹெட்லைட்டைப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு செத்துப்போனால் பேட்டரி அல்லது முனைகள். விளக்கு மங்காமல் செல்ஃபும் சுற்றாமல் இருந்தால் மின்சாரம் செல்ஃபுக்குப் போகவே இல்லை. ஆட்டோமேட்டிக் கார் ‘பார்க்’ கியரில் கிளம்பாமல் ‘நியூட்ரல்’ கியரில் கிளம்பினால், கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்சைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது எர்த் பற்றி. செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையில் துருவால் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை சேர்ந்துவிட்டது. பெருக்கிப் பார்த்தால் 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது. செல்ஃப் முக்கி முனகும். ஆள் புது பேட்டரி வாங்குவார், பிறகு செல்ஃப் மோட்டார் வாங்குவார். ஓம் அளக்கும் சாதாரண மீட்டர் அந்த நூற்றில் ஒரு பங்கைப் பார்க்காது, ‘சரி’ என்றே சொல்லும். ஆகவே தடையை அளக்காமல் இழப்பை அளக்க வேண்டும்: மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் தொட்டுக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றித் தேய்த்து முடுக்குங்கள். செலவு ஒரு துண்டு உப்புத்தாள். க்ரோனல்லா, பான்டை போன்ற கடலோரப் புறநகர்களில் நின்ற கார்களில் இந்தத் துரு விரைவாக வரும். இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுங்குவது, பிரேக் அழுத்தினால் டாஷ்போர்டு முள் ஆடுவது போன்ற பேய்க் கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறுகளே.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தால் ஐம்பது ஆம்பியர்-மணி போயிருக்கும். பல கார்களின் பேட்டரியே அறுபதுதான். திரும்பி வந்ததும் கார் கிளம்பாதது கோளாறே இல்லை, கூட்டல் கணக்கு. நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். அதற்கு முன் ரேடியோவின் ரகசிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்கைந்து நாளிலேயே பேட்டரி இறங்கினால் டிக்கி விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். ஐந்து வாட் பல்பு ஒரே நாளில் பத்து ஆம்பியர்-மணி குடித்துவிடும். பிறகு, வெளியே வாங்கி மாட்டிய கேமரா, அலாரம், பிறர் மாட்டிவிட்ட ஸ்டீரியோ ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒன்றைத் தொடாதீர்கள்: மஞ்சள் நிறப் பிளக்குகள். அவை ஏர்பேக் வயர்கள். 2017 ஜூலையில் சிட்னியின் கப்ரமட்டாவில் ஒரு ஹோண்டா காரில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் வெடித்து ஓட்டியவர் இறந்தார். அடுத்த ஆண்டு அரசு கட்டாயத் திரும்பப்பெறுதலை அறிவித்தது, 2020 இறுதியோடு அது முடிந்தது. பழைய கார் வாங்கினால் அந்த வேலை நடந்திருக்கிறதா என்று கேட்பது இன்றும் அவசியம்.

சூடு, புகை, ஆயில்

என்ஜின் சூடேறுவது எப்போது என்பதே பாதிப் பதில். வென்ட்வொர்த்வில்லிலிருந்து ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு நெடுஞ்சாலையில் போகும்போது முள் அசையாமல், பரமட்டா சாலை நெரிசலில் மட்டும் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்றுதான் ஃபேனின் வேலையைச் செய்திருக்கிறது. நெரிசலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது ஹெட் கேஸ்கெட். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே தெர்மோஸ்டாட்டை மாற்றும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஹெட் கேஸ்கெட் என்ற சொல்லைக் கேட்டதும் பழைய கார்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1990-களின் ஆறு சிலிண்டர் ஃபால்கன்களிலும், சுபாருவின் 2.5 லிட்டர் என்ஜின்களிலும் அது அடிக்கடி நடந்தது. ஆனால் அவசரத் தீர்ப்பும் அடிக்கடி நடக்கிறது. மெல்போர்ன் குளிரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் பயன்படும் காரின் ஆயில் மூடிக்கடியில் வெண்ணெய் போல் படிந்திருக்கும். என்ஜின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே தங்கிய ஈரம் அது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டாம்; ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுப் பாருங்கள். உறுதிப்படுத்த வழி உண்டு: ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல நிறத் திரவம், என்ஜினில் எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாகும். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2002-ல் வந்த பிஏ ஃபால்கனிலும் அடுத்த பிஎஃபிலும் வேறொரு ஆபத்து. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்துப்போனால் தண்ணீரும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ் நிறப் பால் போலாகும். என்ஜின் பிழைத்துக்கொள்ளும், கியர்பாக்ஸ் பிழைக்காது. அந்தக் காரை வாங்குகிறவர் குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஃபால்கனின் அந்த ஆறு சிலிண்டர் என்ஜின் என் மதிப்பில் இந்த நாடு செய்தவற்றிலேயே உழைப்பாளி. அதற்கு இப்படியொரு ரேடியேட்டரை மாட்டியது வருத்தம்தான்.

புகையின் நிறம் இன்னும் பேசுகிறது, கன்வெர்ட்டர் அதன் குரலைக் குறைத்திருந்தாலும். காலையில் கிளப்பியதும் ஒரு நீல மூச்சு விட்டு அடங்கினால் வால்வு ஸீல். மிட்சுபிஷி மேக்னா வி6-களில் இது பேர்போனது. அவசரமில்லை, ஆயில் ஊற்றி ஓட்டலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலம் என்றால் பிஸ்டன் ரிங். 2000-களின் தொடக்கத்துக் கொரோலாக்கள் சில, புகையே காட்டாமல் ஆயில் குடிக்கும். டொயோட்டா தானே என்று நம்பி டிப்ஸ்டிக்கைத் தொடாதவர்கள்தான் அந்த என்ஜின்களை உடைத்தவர்கள். சிவப்பு ஆயில் விளக்கு அளவு குறைந்ததைச் சொல்வதில்லை. அழுத்தமே போனதைச் சொல்கிறது. அது எரியும்போது ஓரங்கட்டி அணைப்பதற்கு நொடிகள்தான் இருக்கும்.

சான்றிதழ் எதைச் சொல்வதில்லை

நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் பிங்க் ஸ்லிப் சோதனை உண்டு. விக்டோரியாவில் ஆண்டுச் சோதனை இல்லை. கை மாறும்போதுதான் ரோடுவொர்த்தி சான்றிதழ் (ஆர்டபிள்யூசி). இரண்டும் பிரேக், டயர், விளக்கு, துரு ஆகிய பாதுகாப்பு விஷயங்களைப் பார்ப்பவை. என்ஜின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதை அவை சொல்வதில்லை. ‘ஆர்டபிள்யூசி இருக்கிறது’ என்ற விளம்பரத்தை நம்பிக் கார் வாங்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டீலர் தரும் சட்டப்படியான மூன்று மாத உத்தரவாதம் இரு மாநிலங்களிலும் பத்து வயதுக்கும் 1,60,000 கிலோமீட்டருக்கும் உட்பட்ட கார்களுக்குத்தான். தனியாரிடம் வாங்கினால் அதுவும் கிடையாது. மூன்றாம் தலைமுறைக் கார் என்றால் வாங்குமுன் ஸ்கேனரைச் சொருகிக் கோடு இருக்கிறதா என்பதோடு, கம்ப்யூட்டரின் தற்சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால் யாரோ அண்மையில்தான் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று விற்பவரைக் கேளுங்கள்.

பார்த்துச் சொல்வதற்குக் கூலி

இங்கே பட்டறைக் கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல். பாகம் மலிவு, ஆள் விலை அதிகம். அதனால் ‘கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்’ என்று நேர்மையாகச் சொல்லும் மெக்கானிக்கை விட்டுவிட்டு, ‘காயிலாக இருக்கும், மாற்றிப் பார்க்கலாம்’ என்பவரிடம் போகிறோம். வெறும் பார்த்துச் சொல்வதற்கா இருநூறு டாலர் என்ற மனக்கணக்கு நம்மவர்களிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. டாக்டரிடம் அப்படிக் கேட்பதில்லை. மூன்று தவறான பாகங்களின் விலையைக் கூட்டினால் அந்த இரண்டு மணி நேரம் மலிவு. பில் வரும்போது என்ன அளந்தார்கள், எவ்வளவு இருந்தது என்று எழுதித் தரக் கேளுங்கள். அளவு இல்லாத தீர்ப்பு ஊகம்.

எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். சென்சார், எர்த், ரேடியேட்டர், பம்ப் எல்லாம் செலவழிக்கத் தக்கவை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஹெட் வெடித்திருந்தால், கியர்பாக்ஸில் தண்ணீர் போயிருந்தால், பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதே சரி.

சட்டம் ஓரளவு உதவுகிறது. 2022 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் தகவல் பகிர்வுத் திட்டத்தின்படி, கார் நிறுவனங்கள் தங்கள் பட்டறைகளுக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும். ஆனால் அது 2002 ஜனவரி 1 முதல் தயாரான கார்களுக்கு மட்டும். எந்தத் தலைமுறைக்கு வயரிங் வரைபடமும் கோடு அட்டவணையும் மிகவும் தேவையோ, அதன் பெரும்பகுதி வெளியே நிற்கிறது. கிரிகரீஸ், மேக்ஸ் எல்லெரி, ஹெய்ன்ஸ் கையேடுகளைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்து மெக்கானிக்குகள் சமாளிக்கிறார்கள். 2002-க்கு முந்தைய கார்களின் வரைபடங்களை நிறுவனங்கள் இலவசமாகவே வெளியிட வேண்டும், அரசு அதைக் கேட்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் ஹோல்டன் என்ற பெயரையே 2020-ல் கைவிட்டுவிட்டது. அந்தத் தாள்களில் காக்க வேண்டிய வணிக ரகசியம் இனி எதுவும் இல்லை.